கமகம் வராதது மிடியின் குற்றமா? சத்தமே போடாத ஒரு தொழில்நுட்பத்தின் கதை

ஊர்த் திருவிழாவில் லைட் மியூசிக் மேடையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கறுப்புப் பலகை தெரிந்திருக்கும். எட்டுக் கட்டம், இரண்டு குச்சி. ஒரு கட்டத்தைத் தட்டினால் பம்பை, அடுத்ததில் தவில், இன்னொன்றில் கைதட்டல். எல்லோரும் ‘பேட்’ என்று சுருக்கமாகச் சொல்லும் ஆக்டபேட். ரோலண்ட் நிறுவனம் 1985-ல் வெளியிட்ட முதல் ஆக்டபேடில் சொந்தமாக ஒரு சத்தம்கூடக் கிடையாது என்பது பலருக்கும் தெரியாது. தட்டினால் அது ஒரு செய்தியை மட்டும் வெளியே அனுப்பும். கேபிளின் மறுமுனையில் இருக்கும் வேறொரு கருவிதான் சத்தம் போடும். அந்தச் செய்தி எழுதப்படும் மொழியின் பெயர்தான் மிடி.

இன்று சினிமா பின்னணி இசை, விளம்பரம், வெப் சீரிஸ், முப்பது விநாடி ரீல்ஸ் என்று காதில் விழுகிற பெரும்பாலான இசை எங்கோ ஒரு கட்டத்தில் மிடி வழியாகத்தான் வருகிறது. கூடவே புகாரும் வருகிறது. “எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கு”, “கமகமே செத்துப்போச்சு”, “மனுஷன் வாசிக்கிற மாதிரியே இல்ல, மெஷின் வாசிக்குது.” புகாரில் உண்மை இருக்கிறது. ஆனால், கூண்டில் நிறுத்தப்பட்டிருப்பது தப்பான ஆள்.

மிடி என்றால் உண்மையில் என்ன?

கொன்னக்கோல் கேட்டிருப்பீர்கள். ‘தா தி தொம் நம்’ என்று சொல்கிறவர் மிருதங்கத்தைத் தொடுவதே இல்லை. எந்த அடி, எப்போது, எவ்வளவு அழுத்தம் என்பதை மட்டும் சொல்கிறார். அதே சொற்கட்டை மிருதங்கக்காரர் வாசிக்கலாம், கடக்காரர் வாசிக்கலாம், கஞ்சிராவில் வாசிக்கலாம். சொல் ஒன்றுதான், ஒலி வேறு வேறு.

மிடியும் அப்படித்தான். கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் மூன்று தகவல்கள் போகின்றன: ‘அழுத்தப்பட்டது’, ‘எந்தக் கட்டை’, ‘எவ்வளவு வேகமாக’. கட்டைக்கு 0 முதல் 127 வரை ஒரு எண். பியானோவின் நடுவில் இருக்கும் ‘சி’ 60. அழுத்திய வேகத்துக்கும் 0 முதல் 127 வரை ஒரு எண். விரலை எடுத்தால் ‘எடுத்தாச்சு’ என்று இன்னொரு செய்தி. இந்தச் செய்தி கேபிளில் பயணிக்க ஆகும் நேரம் ஏறக்குறைய ஒரு மில்லிவிநாடி. ஒரே கேபிளில் 16 சேனல்கள், அதாவது 16 வெவ்வேறு கருவிகளுக்குத் தனித்தனியாகச் செய்தி அனுப்பலாம்.

அவ்வளவுதான். இதில் ஒலி எங்கேயும் இல்லை.

ஒலி இல்லாததுதான் இதன் பலமே. குரலையோ புல்லாங்குழலையோ மைக்கில் பதிவு செய்தால், பதிந்தது பதிந்ததுதான். மூன்றாவது வரியில் ஒரு ஸ்வரம் பிசகினால் அந்த இடத்தைத் திரும்ப வாசிக்க வேண்டும். மிடியில் அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் இழுத்துச் சரியான இடத்தில் வைக்கலாம். சுருதியை ஒரு கட்டை ஏற்றலாம், வேகத்தைக் குறைக்கலாம். பியானோவில் வாசித்ததைச் செல்லோவுக்கு மாற்றிக் கேட்டுப்பார்க்கலாம், பிடிக்கவில்லை என்றால் திரும்பி வரலாம். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு மெட்டு தோன்றுகிற ஆளுக்கு நாற்பது பேர் கொண்ட வயலின் வரிசையை எழுப்ப முடியாது. ஆனால் அந்த வரிசை எப்படி ஒலிக்கும் என்று ஓரளவு கேட்டுப்பார்க்க மிடி விடுகிறது.

போட்டியாளர்கள் கைகோத்த 1983

எழுபதுகளின் கடைசி வரை சிந்தசைசர் உலகம், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு சார்ஜர் இருந்த பழைய செல்போன் காலம் மாதிரி இருந்தது. ஒரு நிறுவனத்தின் கருவியை இன்னொரு நிறுவனத்தின் கருவியோடு இணைப்பது தலைவலி. ரோலண்டுக்கு ஒரு முறை, ஓபர்ஹைமுக்கு வேறு முறை.

ரோலண்டின் நிறுவனர் இகுதாரோ ககேஹாஷி இதற்கு ஒரு பொதுவழி வேண்டும் என்று மற்ற நிறுவனங்களிடம் பேசத் தொடங்கினார். அமெரிக்காவின் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனர் டேவ் ஸ்மித், சக பொறியாளர் செட் வுட்டுடன் சேர்ந்து 1981-ல் ஒரு முன்வரைவை வைத்தார். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த நாம் இசைக்கருவிக் கண்காட்சியில், ஸ்மித்தின் ப்ராஃபெட்-600 கருவியையும் ரோலண்டின் ஜூப்பிட்டர்-6 கருவியையும் ஒரு கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் வாசித்தால் மற்றொன்று பாடியது. அதே ஆண்டு ஆகஸ்டில் மிடி 1.0 விதிகள் வெளியாகின.

இதைப் பயன்படுத்த யாருக்கும் ராயல்டி கட்ட வேண்டியதில்லை என்று விட்டதுதான் பெரிய விஷயம். யாருடைய சொத்தாகவும் இல்லாததால் எல்லோரிடமும் பரவியது. முப்பது ஆண்டுகள் கழித்து, 2013-ல் ஸ்மித்துக்கும் ககேஹாஷிக்கும் டெக்னிக்கல் கிராமி விருது கிடைத்தது. இன்றைக்கு ஒரு ஆப் அல்லது பிளாட்ஃபார்ம் அப்படி விடுமா என்று கேட்டால் சிரிப்புதான் வரும்.

தமிழ் சினிமா இதில் தாமதிக்கவில்லை. இளையராஜாவின் ‘புன்னகை மன்னன்’ 1986-லேயே கணினி இசைக்காகப் பேசப்பட்ட படம். அடுத்த சில ஆண்டுகளில் ஏ.ஆர்.ரஹ்மான் வீட்டோடு சேர்ந்த பஞ்சதன் ஸ்டுடியோவை அமைத்தார். 1992-ல் ‘ரோஜா’ வந்தபோது, பெரிய ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வெளியிலும் ஒரு படத்துக்கு இசையமைக்க முடியும் என்பது எல்லோர் காதுக்கும் தெரிந்துபோனது.

சரி, கமகம் எங்கே போச்சு?

இந்தக் கேள்வி புதிதல்ல. 1940-ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை ஒலிபரப்பிலிருந்து விலக்கியது. ஆர்மோனியத்தின் கட்டைகள் ஸ்வரத்துக்கு ஸ்வரம் தாவும்; இடையில் வழுக்காது; கமகம் வராது. தடை தளர எழுபதுகள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கீபோர்டு மீது இன்று வைக்கப்படும் அதே குற்றச்சாட்டுதான். ஆர்மோனிய விஷயத்தில் அது நியாயமும்கூட, ஏனென்றால் அந்தக் கருவிக்குள் இடைப்பட்ட ஒலிகளே இல்லை.

மிடியின் கதை அப்படியல்ல. மிடி கீபோர்டின் இடது ஓரத்தில் ஒரு சிறிய சக்கரம் இருக்கும். பிட்ச் பெண்ட் என்று பெயர். அதை உருட்டினால் ஸ்வரம் மேலேயோ கீழேயோ வளையும். வழக்கமாக இரண்டு அரைஸ்வரம் மேலே, இரண்டு அரைஸ்வரம் கீழே. இந்த நான்கு அரைஸ்வரத் தூரத்தை மிடி 1.0 எத்தனை படிகளாகப் பிரிக்கிறது தெரியுமா? 16,384. எந்த மனிதக் காதும் பிரித்தறியக் கூடியதைவிட நுணுக்கமான படிகள் இவை.

தோடி ராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளலாம். அது ஒரு இடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே ஊசலாடுவதுதான் அதன் உயிர். காந்தாரத்திலிருந்து கீழே ரிஷபம் இரண்டு அரைஸ்வரம், மேலே மத்தியமம் இரண்டு அரைஸ்வரம். அந்தச் சக்கரம் போகிற தூரமும் அதேதான்! தோடிக்காகவே செய்துவைத்த மாதிரி. அப்படியிருந்தும் கீபோர்டில் தோடி தட்டையாகக் கேட்கிறது என்றால், பெரும்பாலான வாசிப்பில் இடது கை அந்தச் சக்கரத்தின் பக்கமே போவதில்லை என்பதுதான் காரணம். இடது கை கார்டு பிடிக்கிறது, அல்லது மவுஸைப் பிடித்திருக்கிறது.

கர்நாடக மேடையில் கீபோர்டைத் தனிக்கருவியாக வாசிக்கும் கே.சத்தியநாராயணன் அந்தச் சக்கரத்தை வைத்துத்தான் கமகங்களைக் கொண்டுவருகிறார். அவர் பயன்படுத்துவது ரகசியத் தொழில்நுட்பம் அல்ல. கடையில் யாருக்கும் கிடைக்கிற கீபோர்டு, அதோடு வருஷக்கணக்கான சாதகம்.

ஒரு உண்மையான குறை இருக்கிறது, மறைக்கக் கூடாது. பிட்ச் பெண்ட் ஒரு சேனலில் உள்ள எல்லா ஸ்வரங்களையும் சேர்த்தே வளைக்கும். கீழே ஒரு ‘ச’வைப் பிடித்துக்கொண்டு மேலே கமகம் போட்டால், அந்த ‘ச’வும் கூடவே ஆடும். இதனால்தான் மேற்கில் 2018-ல் எம்பிஇ என்ற விரிவாக்கத்தைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு சேனல், ஒவ்வொரு ஸ்வரமும் தனியாக வளையும். ஆனால் நம்ம இசைக்கு ஒரு சௌகரியம் உண்டு. ராக இசை ஒற்றை வரி மெட்டு. தம்புராவை வேறு சேனலில் போட்டுவிட்டால் போதும், 1983-ன் மிடியே தாராளம்.

வயலின் நமக்குக் கற்றுக்கொடுத்தது

இங்கேதான் வயலினை நினைவுபடுத்த வேண்டும். சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வழியாகக் கர்நாடக இசைக்குள் வந்த ஐரோப்பியக் கருவி அது. வந்த கருவியை வந்தபடியே யாரும் வாசிக்கவில்லை. தாடைக்கடியில் வைத்து நின்று வாசிக்கிற கருவியைத் தரையில் உட்கார்ந்து, தலைப்பகுதியைக் கால் மீது ஊன்றிப் பிடித்தார்கள். பிடிக்கிற வேலையிலிருந்து இடது கை விடுபட்டது; தந்தி முழுக்க வழுக்கி ஓட முடிந்தது. தந்திகளின் சுருதியையும் ச-ப-ச-ப என்று மாற்றினார்கள். பெட்டி அதேதான், பிடிதான் மாறியது. இன்று வயலின் இல்லாத கச்சேரி அபூர்வம்.

மிடி கருவிகளில் அந்தப் பிடிமாற்றம் நமக்கு இன்னும் சரியாக நடக்கவில்லை. பெட்டியைத் திறந்து, அமெரிக்கப் பாப் பாட்டுக்காகச் செய்துவைத்த அமைப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு, ‘இதுல நம்ம ராகம் வராது’ என்கிறோம்.

தாளத்திலும் இதே கதை. மென்பொருளைத் திறந்ததும் திரையில் ஒரு கட்டம் போட்ட தாள் வரும். ஒவ்வொரு தட்டும் நான்காகப் பிரிந்திருக்கும். அதாவது, கேட்காமலேயே சதுஸ்ர நடை. வாசித்து முடித்ததும் குவாண்டைஸ் பட்டனை அழுத்தினால் எல்லா ஸ்வரங்களும் கட்டத்தின் கோட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். பிசகுகள் மறையும். கூடவே வாசித்தவரும் மறைந்துவிடுவார். தபலாக்காரர் ஒரு அடியை இம்மி பின்னால் தள்ளி வைக்கிற சுகம், பாடகர் பல்லவியின் எடுப்பில் காட்டுகிற தயக்கம், எல்லாம் கோட்டோடு கோடாகிவிடும்.

மிடியால் அந்த இம்மியைப் பிடிக்க முடியாதா என்றால், முடியும். பல மென்பொருள்கள் ஒரு தட்டை 480 அல்லது 960 துணுக்குகளாகப் பிரிக்கின்றன. நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில், 480 துணுக்கு என்றால் ஒரு துணுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிவிநாடி. கண்டநடை வேண்டும் என்றால் கட்டத்தை ஐந்தாக மாற்றும் வசதி பல மென்பொருள்களில் மெனுவுக்குள் இருக்கிறது. இல்லையென்றால் கட்டத்தையே அணைத்துவிட்டு வாசிக்கலாம். ‘நூறு சதவீத குவாண்டைஸ்’ என்பது டெலிவரி அவசரத்தில் மனிதர்கள் எடுக்கிற முடிவு.

ஹெலிகாப்டர் உண்டு, வீணை இல்லை

மிடி உலகம் முற்றிலும் நடுநிலையானது என்றும் சொல்லிவிட முடியாது. 1991-ல் ‘ஜெனரல் மிடி’ என்று ஒரு பொதுப் பட்டியல் போட்டார்கள். எந்தக் கருவியில் திறந்தாலும் முதலாம் எண் பியானோ என்பது போல, 128 ஒலிகளுக்கு நிரந்தர எண்கள். அதில் சிதார் இருக்கிறது, ஷெனாய் இருக்கிறது. வீணை இல்லை, நாதஸ்வரம் இல்லை, மிருதங்கம் இல்லை. ஆனால் ஹெலிகாப்டர் இருக்கிறது, டெலிபோன் மணி இருக்கிறது, துப்பாக்கிச் சத்தம்கூட இருக்கிறது!

யாரும் வஞ்சகமாகச் செய்ததல்ல. பட்டியல் போட்ட மேஜையில் நம்ம ஆட்கள் இல்லை, அவ்வளவுதான். ஆனால் விளைவு நீண்டது. நாதஸ்வர ஒலி வேண்டும் என்றால், யாரோ ஒருவர் பதிவுசெய்து விற்ற சாம்பிளைத்தான் நாடுகிறார்கள். ஒரே தவில் அடி, ஒரே பம்பை உருட்டல், நூறு பாட்டுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. ‘எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி’ என்கிற புகாரின் வேர்களில் ஒன்று இது. ஊரில் இருக்கும் ஒரு நல்ல தவில்காரரைக் கூப்பிட்டு, அவருக்குரிய சம்பளத்தைக் கொடுத்து, அவர் பெயரைப் போட்டு, மெல்லிய அடி முதல் ஓங்கிய அடி வரை பதிவுசெய்து சொந்தமாக ஒரு ஒலித்தொகுப்பு உருவாக்க இன்று ஒரு நல்ல மைக்கும் இரண்டு நாளும் போதும். செய்கிறவர்கள் குறைவு.

வேலை போனவர்கள் கேள்வி

மிடியைப் புகழ்கிற கட்டுரைகள் வழக்கமாகத் தாண்டிப் போகிற இடம் ஒன்று உண்டு. ஒரு காலத்தில் சென்னையின் ஒலிப்பதிவுக் கூடங்களில் ஒரே பாட்டுக்குப் பத்துக்கணக்கில் வயலின்கள், செல்லோக்கள், தபலாக்கள் உட்காரும். கால்ஷீட் சம்பளத்தில் குடும்பங்கள் ஓடின. மிடியும் சாம்பிளும் வந்தபின் அந்த நாற்காலிகள் காலியாகத் தொடங்கின. ‘படைப்பாற்றல் விரிந்தது’ என்று சொல்லும்போது, யாருடைய வருமானம் சுருங்கியது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் மிடி இருந்தால் மனிதர் வேண்டாம் என்பது இசையின் தேவையல்ல, பட்ஜெட்டின் தேவை. புரோகிராமிங் இசையின் முகமாகவே பார்க்கப்பட்ட ரஹ்மான், ‘பம்பாய்’ (1995) தீம் இசைக்குப் புல்லாங்குழல் ஊத நவீன் குமாரைத்தான் அழைத்தார். அந்த மூச்சு கீபோர்டில் வராது என்று அவருக்குத் தெரியும். மிடியில் வரைந்து பார்த்து, எங்கே மனிதர் வேண்டும் என்று முடிவு செய்வது ஒரு வழி. மிடியில் வரைந்ததையே முடிந்த பாட்டாக விற்பது இன்னொரு வழி. இரண்டாவது மலிவு. கேட்கிறவர்களும் அதைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள், பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும்.

கட்டையைத் தாண்டி

மிடி என்றாலே பியானோ கட்டை என்று நினைப்பது இன்னொரு பழக்கதோஷம். செய்தி அனுப்பத் தெரிந்த எதுவும் மிடி கருவிதான். 1983-ல் வந்த யமஹா டிஎக்ஸ்7-லேயே மூச்சைக் கொண்டு ஒலியைக் கட்டுப்படுத்தும் குழாயைச் செருக வழி இருந்தது. மிடி விதிகளில் மூச்சுக்கென்றே தனி எண் உண்டு. ஹாக்கென் கான்டினம் என்ற கருவியில் கட்டைகளே கிடையாது. நீளமான மெத்தை மாதிரி ஒரு பரப்பு, அதன்மேல் விரல் வழுக்கினால் ஸ்வரமும் வழுக்கும். ரஹ்மான் ‘டெல்லி-6’ (2009) படத்தின் ‘ரெஹ்னா தூ’ பாடலில் இதை வாசித்திருக்கிறார். வளைவுகளுக்குப் பழகிய ஒரு காது இந்தக் கருவியைத் தேடிப் போனதில் ஆச்சரியமில்லை.

தலைகீழாகவும் செய்யலாம். அமெரிக்க கிதார் கலைஞர் பாட் மெத்தனி 2010-ல் வெளியிட்ட ‘ஆர்கெஸ்ட்ரியான்’ ஆல்பத்தில் கணினி ஒலிகளை நாடவில்லை. நிஜ டிரம், நிஜ பியானோ, நிஜ மணிகள். அவற்றைத் தட்டியது அவர் கிதாரிலிருந்தும் கணினியிலிருந்தும் கட்டளை வாங்கிய இயந்திரக் கைகள். சத்தத்தில் போலி எதுவும் இல்லை.

பொறியியல் படித்துவிட்டு வார இறுதியில் மிருதங்கம் வாசிக்கிற ஐடி ஊழியர்கள் சென்னையிலும் கோவையிலும் நிறைய. அவர்களுக்கு இங்கே ஒரு வேலை காத்திருக்கிறது. அதிர்வை உணரும் சின்ன பீசோ சென்சார் சில பத்து ரூபாய். ஆர்டுவினோ லியோனார்டோ மாதிரியான ஒரு போர்டு, கணினியில் செருகினால் மிடி கருவியாகவே தன்னைக் காட்டிக்கொள்ளும். இரண்டையும் சேர்த்து மிருதங்கத்தின் இரு பக்கமும் பொருத்தினால், அடி ஒவ்வொன்றும் மிடியாகும். தொப்பியில் கும்கியை எப்படிப் பிடிப்பது என்பது கஷ்டமான கணக்கு; அதை ஜப்பானிலோ ஜெர்மனியிலோ இருந்து யாரும் நமக்காகத் தீர்த்துத்தரப்போவதில்லை. நாதஸ்வரமும் அப்படி. சந்தையில் கிடைக்கும் மிடி ஊதுகருவிகள் பெரும்பாலும் சாக்ஸபோன் விரலடைப்பை ஒட்டியவை. துளையைப் பாதி மூடி, உதட்டையும் மூச்சையும் மாற்றி ஸ்வரத்தை வளைக்கிற நாதஸ்வரக்காரருக்கு அவை ஒத்துவராது.

தொடங்க என்ன வேண்டும்?

பெரிய ஸ்டுடியோ தேவையில்லை. சில ஆயிரம் ரூபாய்க்கு 25 கட்டை மிடி கீபோர்டு கிடைக்கிறது. வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சக்கரம் இருக்க வேண்டும். விலையைக் குறைக்கச் சிலவற்றில் சக்கரத்துக்குப் பதில் பட்டன் வைத்திருப்பார்கள். தோடிக்கு அது ஆகாது. ஆண்ட்ராய்டு போன்கள் 2015-ல் வந்த 6.0 பதிப்பிலிருந்தே மிடியைப் புரிந்துகொள்கின்றன. ஒரு ஓடிஜி இணைப்பான் போதும். ஐபோனில் கராஜ்பேண்ட் இலவசம், இரண்டிலும் பேண்ட்லேப் இலவசம். ஹெட்போன் மட்டும் வயர் உள்ளதாக இருக்கட்டும்; ப்ளூடூத்தில் அழுத்திய பிறகு தாமதமாகச் சத்தம் வந்து தாளமே குழம்பிவிடும்.

முதல் மாதம் புதுப்புது ஒலிகளைத் தேடிப் பதிவிறக்காமல், ஒரே ஒரு ஒலியை வைத்துக்கொண்டு இடது கையைப் பழக்குவது பலன் தரும். வலது கை ஸ்வரம், இடது கை சக்கரம். மாயாமாளவகௌளை சரளி வரிசையிலிருந்தே தொடங்கலாம். அடுத்து எக்ஸ்பிரஷன் எனப்படும் 11-ம் எண் கட்டுப்பாடு. ஒரு நீண்ட ஸ்வரத்துக்குள் ஒலி ஏறி இறங்குவது அதன் கையில்தான் இருக்கிறது. வயலின் சாம்பிள் பிளாஸ்டிக் மாதிரி கேட்பதற்குப் பாதிக் காரணம், அந்த எண் பாட்டு முழுக்க ஒரே இடத்தில் நிற்பது.

2020-ல் மிடி 2.0 வந்துவிட்டது. அழுத்தத்துக்கு 128 படிகளுக்குப் பதில் 65,536 படிகள், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனி வளைவு, கருவிகள் ஒன்றோடொன்று இருவழியாகப் பேசும் வசதி. முழுதாகப் பரவக் காலம் எடுக்கும். அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பழையதை முழுதாகப் பயன்படுத்தியவர்களே குறைவு.

இன்னொரு சின்னப் பழக்கம். பாட்டை முடித்ததும் ஒலிக்கோப்போடு மிடி கோப்பையும் தனியாகச் சேமித்துவையுங்கள். மென்பொருள்களின் புராஜெக்ட் கோப்புகள் இரண்டு பதிப்பு தாண்டினால் திறக்க அடம்பிடிக்கும், நிறுவனமே மூடப்படலாம். மிடி கோப்புக்கான பொது வடிவம் 1988-ல் வகுக்கப்பட்டது. அன்றைக்குச் சேமித்த கோப்பு இன்றைய போனிலும் திறக்கிறது, அளவும் ஒரு வாட்ஸ்அப் ஸ்டிக்கர் அளவுக்குக்கூட வராது.